பாடசாலைத் துப்பாக்கிச் சூடுகள்: காரணங்களும் தடுப்பு வழிகளும் — ஒரு நோக்கு

பெற்றோர் தம் பிள்ளையை நம்பிக்கையோடு பிறர் பொறுப்பில் விட்டுச் செல்லும் முதலாவது இடம் பாடசாலையாகும். அந்நம்பிக்கையை ஒரே நாளிற் சிதைத்துவிடும் நிகழ்ச்சியாகப் பாடசாலைத் துப்பாக்கிச் சூடு அமைகின்றது. ஐக்கிய அமெரிக்காவிலே இத்தகைய நிகழ்ச்சியொன்று நேரும்போதெல்லாம் ஒரே விவாதம் மீண்டும் தலைதூக்குகின்றது. சகமாணவரின் துன்புறுத்தலே காரணம் என்பர் ஒரு சாரார். உளநோயே காரணம் என்பர் இன்னொரு சாரார். துப்பாக்கியே காரணம் என்பர் பிறிதொரு சாரார். இம்மூன்றனுள் ஒன்றைக் கொண்டு ஏனையவற்றைத் தள்ளிவிடும் போக்கு எத்துணை பொருத்தமானது என்பதை, இதுவரை வெளிவந்துள்ள ஆய்வுகளின் துணைகொண்டு நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதற்கண், பிரச்சினையின் அளவைச் சரிவர உணர்ந்துகொள்ளுதல் வேண்டும். ஐக்கிய அமெரிக்காவில் 1 முதல் 19 வயது வரையானோரின் இறப்புக்குரிய காரணங்களுள், 2020ஆம் ஆண்டில் துப்பாக்கிக் காயம் வாகன விபத்தைப் பின்தள்ளி முதலிடத்தைப் பெற்றது. எனினும் இவ்விறப்புக்களில் மிகப் பெரும்பாலானவை வீட்டிலும் வீதியிலும் நிகழ்பவை. கணிசமான பகுதி தற்கொலையாகும். பாடசாலை வயதினர் கொலையுண்ணும் நிகழ்ச்சிகளுள் பாடசாலையினுள்ளே நடைபெறுவன நூற்றுக்கு மூன்றுக்கும் குறைவானவை. ஆகவே பாடசாலைச் சூடுகள் அரிதானவை. ஆயினும் அவை ஏற்படுத்தும் அச்சம் ஒரு நாட்டின் பாடசாலைகள் அனைத்தையும் பற்றிக்கொள்கின்றது. அரிதான ஒன்றைப் பற்றிப் பொதுவான முடிவுகளுக்கு வருவதிலுள்ள இடர்ப்பாட்டை நாம் தொடக்கத்திலேயே மனங்கொள்ள வேண்டும்.

கொலம்பைன் நிகழ்ச்சியும் அதன் கதையும்

1999ஆம் ஆண்டு ஏப்ரில் 20ஆந் திகதி, கொலராடோ மாநிலத்தின் கொலம்பைன் உயர்தரப் பாடசாலையில் மாணவர் இருவர் 12 மாணவரையும் ஓர் ஆசிரியரையும் கொன்று தாமும் தற்கொலை செய்துகொண்டனர். சில மணி நேரத்தினுள்ளேயே பத்திரிகைகளும் தொலைக்காட்சியும் ஒரு விளக்கத்தை நாடெங்கும் பரப்பின. விளையாட்டு வீரர்களான சகமாணவராற் பழிக்கப்பட்டு ஒதுக்கப்பட்ட இருவர், தம்மைத் துன்புறுத்தியோரைத் தேடிப் பழி தீர்த்தனர் என்பதே அவ்விளக்கமாகும்.

பின்னர் நிகழ்ந்த விசாரணைகளும், வெளியிடப்பட்ட நாட்குறிப்புக்களும் வேறொரு சித்திரத்தைத் தந்தன. இருவரும் ஏறத்தாழ ஓராண்டுக் காலம் திட்டமிட்டிருந்தனர். எரிவாயுக் கொள்கலன்களாற் செய்த குண்டுகளைச் சிற்றுண்டிச்சாலையில் வெடிக்கவைத்து நூற்றுக்கணக்கானோரைக் கொல்வதே அவர்தம் முதன்மைத் திட்டம். குண்டுகள் வெடிக்காமையினாலேயே உயிரிழப்பு அவ்வளவில் நின்றது. குறித்த சிலரைத் தெரிந்தெடுத்துப் பழிவாங்கும் நோக்கம் அதில் இல்லை. இருவருக்கும் நண்பர்கள் இருந்தனர். ஒருவனுடைய எழுத்துக்களிற் பிறர்மீதான வெறுப்பும் தன்னை உயர்த்தும் செருக்கும் மேலோங்கி நின்றன. மற்றவனுடைய எழுத்துக்களில் நெடுநாளைய மனச்சோர்வும் தற்கொலை எண்ணமும் காணப்பட்டன. அப்பாடசாலையிலே துன்புறுத்தல் இருக்கவில்லை என்பது இதன் பொருளன்று. ஒரு காரணத்தினுள் அடங்காத செயல் ஒரு காரணத்தினுள் அடக்கப்பட்டது என்பதே இங்குக் கவனிக்கத்தக்கது.

இவ்வெளிய கதைக்கு ஒரு விளைவும் உண்டு. ஒடுக்கப்பட்டோரின் பழிவாங்கல் என்ற சாயம் பூசப்பட்டமையால், அந்நிகழ்ச்சி பிற்காலத்திற் சில இளைஞருக்குப் பின்பற்றத்தக்க முன்மாதிரியாகத் தோன்றிற்று. பின்னர் வந்த தாக்குதல்களிலும் முறியடிக்கப்பட்ட திட்டங்களிலும் கொலம்பைன் பற்றிய ஆழ்ந்த ஈடுபாடு பலமுறை வெளிப்பட்டுள்ளது. தவறான விளக்கம் தானும் ஒரு காரணமாக மாறக்கூடும் என்பதற்கு இது சான்றாகும்.

ஆய்வுகள் காட்டுவன

கொலம்பைனுக்குப் பின், சனாதிபதியின் பாதுகாப்புக்குப் பொறுப்பான இரகசியச் சேவைப் பிரிவும் கல்வித் திணைக்களமும் இணைந்து ஓர் ஆய்வை மேற்கொண்டன. 1974 முதல் 2000 வரை நிகழ்ந்த 37 பாடசாலைத் தாக்குதல்களும் அவற்றிலே தொடர்புற்ற 41 பேரும் அதில் ஆராயப்பட்டனர். 2002இல் வெளியான அதன் முடிவுகளுட் சில இக்கட்டுரைக்கு இன்றியமையாதவை.

முதலாவது, தாக்கியோருக்குப் பொதுவான ஓர் உருவம் இல்லை. நன்கு கற்றோரும் கல்வியிற் பின்தங்கியோரும், ஒழுங்கான குடும்பத்தினரும் சிதைந்த குடும்பத்தினரும், நண்பர் பலர் உள்ளோரும் தனித்திருந்தோரும் அவருள் இருந்தனர். இரண்டாவது, தாக்கியோரில் நூற்றுக்கு 71 பேர் பிறராற் துன்புறுத்தப்பட்டதாகவோ காயப்படுத்தப்பட்டதாகவோ உணர்ந்திருந்தனர். மூன்றாவது, தாக்கியோரில் நூற்றுக்கு 78 பேரிடம் தற்கொலை எண்ணமோ முயற்சியோ முன்பே இருந்தது. ஆனால் உளநோய் என்றோ நடத்தைக் கோளாறு என்றோ மருத்துவராற் கண்டறியப்பட்டிருந்தோர் 17 வீதத்தினரே. நான்காவது, 81 வீதமான நிகழ்ச்சிகளிற் குறைந்தது ஒருவராவது திட்டத்தை முன்னரே அறிந்திருந்தார். அறிந்தவர் பெரும்பாலும் நண்பர், சகமாணவர், உடன்பிறந்தார் ஆகியோரே. ஐந்தாவது, 68 வீதமானோர் தம் வீட்டிலிருந்தோ உறவினர் வீட்டிலிருந்தோ துப்பாக்கியைப் பெற்றனர்.

இரகசியச் சேவைப் பிரிவு 2008 முதல் 2017 வரையான 41 தாக்குதல்களை ஆராய்ந்து 2019இல் வெளியிட்ட அறிக்கையும் பெரும்பாலும் இவற்றையே உறுதிப்படுத்தியது. ஆகவே, திடீரென நிலைகுலைந்த ஒருவன் கண்மூடித்தனமாகச் சுட்டான் என்ற பொதுக் கருத்து பொருந்தாது. இழப்பு, அவமானம், சாவை நாடும் எண்ணம், திட்டம், கருவியைத் தேடல், பிறரிடம் கசியவிடுதல் எனப் படிப்படியாக வளரும் ஒரு போக்கின் இறுதியிலேயே செயல் நிகழ்கின்றது. படிகள் உள்ளமையால், இடைமறிப்பதற்கு இடமும் உண்டு.

துன்புறுத்தலுக்குரிய இடம்

சகமாணவர் துன்புறுத்தலை முறையாக ஆராய்ந்தோருள் முன்னோடி டான் ஒல்வேயஸ் ஆவார். தீங்கிழைக்கும் நோக்கம், மீண்டும் மீண்டும் நிகழ்தல், இரு சாராருக்கிடையே வலிமை ஏற்றத்தாழ்வு ஆகிய மூன்றும் ஒருங்கே அமைவதே துன்புறுத்தல் என அவர் வரையறுத்தார். எமது பல்கலைக்கழகங்களிற் பகிடிவதை எனப்படுவது இதனோடு உறவுடையதாயினும் முற்றிலும் ஒன்றன்று. பகிடிவதை புதுமுக மாணவர் அனைவர்மீதும் ஒரு காலத்துக்குச் செலுத்தப்படுவது. இங்குக் கூறப்படும் துன்புறுத்தலோ ஒரு பிள்ளையைத் தனியே பிரித்தெடுத்து ஆண்டுக்கணக்கிற் தொடர்வது.

1982ஆம் ஆண்டின் இறுதியில் நோர்வேயின் வட பகுதியிற் பதினான்கு வயதுக்கு மேற்படாத சிறுவர் மூவர் தற்கொலை செய்துகொண்டனர். சகமாணவரின் துன்புறுத்தலே அதற்குக் காரணமாயிருக்கலாம் எனக் கருதப்பட்டமையால், 1983இல் அரசு நாடளாவிய இயக்கமொன்றைத் தொடக்கிற்று. பேர்கன் நகரின் 42 பாடசாலைகளில் ஏறத்தாழ 2,500 மாணவரை ஒல்வேயஸ் தொடர்ந்து ஆராய்ந்தபோது, இரண்டாண்டுக் காலத்தில் துன்புறுத்தல் ஏறக்குறைய அரைவாசியாகக் குறைந்திருந்தது. ஆசிரியர் மேற்பார்வை, தெளிவான விதிகள், பார்த்துநிற்கும் மாணவரைப் பொறுப்பேற்கச் செய்தல் ஆகியன அதன் அடிப்படைகளாம்.

நோர்வே இயக்கத்தைத் தோற்றுவித்தது தற்கொலையே. கொலையன்று என்பதை ஈண்டு அழுத்திக் கூறவேண்டும். துன்புறுத்தப்படும் பிள்ளைகளுட் பெரும்பாலானோர் தம் துயரைத் தம்மீதே திருப்பிக்கொள்கின்றனர். தாக்கியோருட் பலர் துன்புறுத்தப்பட்டோர் என்பது உண்மை. அதிலிருந்து, துன்புறுத்தப்பட்டோர் தாக்குவோராவர் என்ற முடிவு பிறவாது. ஐக்கிய அமெரிக்காவில் 12 முதல் 18 வயது வரையான மாணவருள் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் தாம் துன்புறுத்தப்படுவதாகக் கூறியுள்ளனர். இது பல இலட்சம் பேராகும். முன்னர் கூறிய ஆய்வின் இருபத்தாறு ஆண்டுக் காலத்திலே தாக்கியோர் 41 பேர் மட்டுமே.

இவ்வேறுபாடு வெறும் தருக்க நுட்பமன்று. தனித்திருக்கும் பிள்ளையையும் கறுப்பாடை அணியும் பிள்ளையையும் ஐயத்தோடு நோக்கும் வழக்கம் கொலம்பைனுக்குப் பின் பல பாடசாலைகளிற் பரவிற்று. அடிபட்ட பிள்ளை ஆபத்தான பிள்ளையாகக் கருதப்பட்டால், அது தன் துயரை வெளியிட வாய்திறவாது. துன்புறுத்தல் தன்னளவிலேயே தீமை. அதனை ஒழிப்பதற்குக் கொலை அச்சம் ஒரு நியாயமாகத் தேவையில்லை.

உளநோய் பற்றிய கருத்தும் இத்தகையதே. ஐக்கிய அமெரிக்காவில் நிகழும் வன்முறையில் ஏறத்தாழ நூற்றுக்கு நான்கு பங்குக்கே கடும் உளநோய் பொறுப்பாகும் என ஆய்வாளர் கணித்துள்ளனர். உளநலச் சேவை இன்றியமையாதது. ஏனெனில் சாவை நாடும் இளைஞரை அது காக்கின்றது. ஆனால் உளநோயாளரைக் கொலையாளராகக் காட்டும் பேச்சு, உதவி நாடவேண்டியோரை நாடாமற் செய்யும்.

துப்பாக்கி வந்த வழி

துன்புறுத்தலும் மனச்சோர்வும் எல்லா நாடுகளிலும் உள்ளன. வேறுபடுவது கருவியின் கிடைப்பே. உலகளாவிய சிறுபடைக்கல ஆய்வொன்றின்படி, 2017இல் ஐக்கிய அமெரிக்கக் குடிமக்களிடம் ஏறத்தாழ 39 கோடி துப்பாக்கிகள் இருந்தன. இது அந்நாட்டு மக்கள்தொகையினும் அதிகமாகும். 1791இல் இணைக்கப்பட்ட அரசியலமைப்பின் இரண்டாவது திருத்தம் படைக்கலம் தாங்கும் உரிமையைக் கூறுகின்றது. 2008இல் உயர் நீதிமன்றம் அதனைத் தனிமனித உரிமையெனத் தீர்ப்பளித்தது. ஆகவே பிரித்தானியா கைக்கொண்ட வழி அங்கு எளிதிற் கைகூடாது. ஸ்கொட்லாந்தின் டன்பிளேன் பாடசாலையில் 1996 மார்ச் 13ஆந் திகதி 43 வயதான ஒருவன் உரிமம்பெற்ற கைத்துப்பாக்கிகளைக் கொண்டு 16 பிள்ளைகளையும் ஓர் ஆசிரியையையும் கொன்றான். பெற்றோரும் ஊராரும் கையொப்பம் திரட்டினர். 1997இல் நிறைவேறிய இரு சட்டங்கள் தனியார் கைத்துப்பாக்கி வைத்திருப்பதை ஏறத்தாழ முற்றாகத் தடைசெய்தன. அதன் பின் அங்கே பாடசாலை எதிலும் இத்தகைய படுகொலை நிகழவில்லை.

முழுத் தடை இயலாத இடத்தும், வீட்டு அலுமாரியின் பூட்டு இயலும். ஜேர்மனியின் வின்னென்டன் நகரில் 2009 மார்ச் 11ஆந் திகதி 17 வயது இளைஞன் ஒருவன் 15 பேரைக் கொன்றான். தந்தை தம் துப்பாக்கிகளைப் பூட்டி வைத்திருந்தார். படுக்கையறையிற் பூட்டாது விட்ட ஒன்றே மகன் கைக்குச் சென்றது. தந்தை கவனயீனத்துக்காகத் தண்டிக்கப்பட்டார். அவ்வாண்டே துப்பாக்கிகள் வைக்கப்பட்டுள்ள முறையை அதிகாரிகள் வீட்டுக்கு வந்து பரிசோதிக்கச் சட்டம் இடமளித்தது.

மிச்சிகன் மாநிலத்தின் ஒக்ஸ்போர்ட் நகரில் 2021 நவம்பர் 30ஆந் திகதி நிகழ்ந்தது இன்னும் தெளிவான பாடமாகும். பதினைந்து வயது மாணவனுக்கென நான்கு நாட்களுக்கு முன்னரே தந்தை கைத்துப்பாக்கி வாங்கியிருந்தார். அன்று காலை, துப்பாக்கிப் படமும் உதவி வேண்டும் சொற்களும் அவனது கொப்பித்தாளிற் காணப்பட்டமையாற் பெற்றோர் அழைக்கப்பட்டனர். அவர்கள் அவனை வீட்டுக்கு அழைத்துச் செல்லவில்லை. புத்தகப்பையையும் எவரும் திறந்து பார்க்கவில்லை. சிறிது நேரத்தின் பின் நான்கு மாணவர் கொல்லப்பட்டனர். 2024இல் தாயும் தந்தையும் கொலைக் குற்றத்துக்கு ஒப்பான பொறுப்பின்மைக்காக 10 முதல் 15 ஆண்டு வரையான சிறைத்தண்டனை பெற்றனர். மகன் உதவி கேட்டது தாளில் எழுதப்பட்டிருந்தது; கருவியோ பையில் இருந்தது. இரண்டும் ஒரே அறையில் இருந்தன.

தடுப்பு வழிகள்

மேற்கூறியவற்றிலிருந்து இரு வாயில்கள் புலப்படுகின்றன. ஒன்று, அறிந்தவர் வாய்திறக்கும் வாயில். 2006 முதல் 2018 வரை முறியடிக்கப்பட்ட 67 திட்டங்களை இரகசியச் சேவைப் பிரிவு ஆராய்ந்து 2021இல் வெளியிட்ட அறிக்கை, பெரும்பாலும் சகமாணவர் கூறிய செய்தியினாலேயே அவை தடுக்கப்பட்டன எனக் காட்டுகின்றது. கொலராடோ 2004இற் தொடக்கிய பெயர் கூறாது முறையிடும் தொலைபேசிச் சேவையும், வேர்ஜீனியா 2013இற் பொதுப் பாடசாலைகள் அனைத்திலும் கட்டாயமாக்கிய அச்சுறுத்தல் மதிப்பீட்டுக் குழுக்களும் இதன்பாற்பட்டவை. ஆசிரியர், உளவளத்துணையாளர், பொலிஸார் ஆகியோர் அடங்கிய இக்குழு, கோபத்திற் சொன்ன சொல்லையும் உண்மையான திட்டத்தையும் பிரித்தறிந்து, தண்டனைக்கு முன் உதவியை நாடுகின்றது. ஆனால் சொன்னாற் கேட்பார்கள், சொல்லப்பட்டவனை அழித்துவிடமாட்டார்கள் என்ற நம்பிக்கை மாணவனுக்கு இருந்தாலன்றி அவன் வாய்திறவான்.

மற்றையது, கருவியை அடைக்கும் வாயில். 2018இல் பார்க்லன்ட் பாடசாலையில் 17 பேர் கொல்லப்பட்ட பின், ஆபத்தானவராகக் காணப்படுபவரிடமிருந்து நீதிமன்றக் கட்டளையாற் துப்பாக்கியைத் தற்காலிகமாகப் பெறும் சட்டத்தைப் புளோரிடா இயற்றிற்று. இருபதுக்கும் மேற்பட்ட மாநிலங்களில் இத்தகைய சட்டங்கள் உள்ளன. யுவால்டேயில் 19 பிள்ளைகளும் இரு ஆசிரியைகளும் கொல்லப்பட்ட பின், 2022 ஜூனில் நிறைவேறிய கூட்டாட்சிச் சட்டம் 21 வயதுக்குக் குறைந்தோர் துப்பாக்கி வாங்கும்போது கூடிய பரிசோதனையை விதித்ததோடு, உளநலச் சேவைகளுக்கும் நிதி ஒதுக்கிற்று. துப்பாக்கியையும் தோட்டாவையும் வெவ்வேறாகப் பூட்டிவைக்கும் வீடுகளில் இளையோர் தற்கொலையும் விபத்தும் குறைவு என 2005இல் வெளியான ஆய்வொன்று காட்டியுள்ளது. எனவே ஒரே பூட்டு பாடசாலையையும் காக்கின்றது. அதனினும் அடிக்கடி, அவ்வீட்டுப் பிள்ளையின் உயிரையே காக்கின்றது.

முடிவாகக் கூறின், துன்புறுத்தலா, உளநோயா, துப்பாக்கியா என்ற வினா பிழையாக அமைக்கப்பட்ட வினாவாகும். இவை ஒன்றையொன்று விலக்கும் விடைகளல்ல. ஒரு சங்கிலியின் வளையங்கள். எல்லா வளையங்களையும் அறுத்தல் வேண்டுமென்பதில்லை. ஒன்றை உரிய நேரத்தில் அறுத்தாற் போதும். அதற்குத் துயருறும் பிள்ளையைக் கண்டு அஞ்சாது, அப்பிள்ளையின் சொல்லுக்குச் செவிகொடுக்கும் வளர்ந்தோர் வேண்டும். அச்செவி கிட்டாதபோதே பிள்ளை அலுமாரியைத் திறந்து பார்க்கின்றது.