ஒரே வேலை, இரண்டு மார்க்!

எங்கள் வீட்டில் அவர் என்றைக்காவது ஒரு நாள் ரசம் வைத்துவிட்டால் போதும், "அப்பா வெச்ச ரசம் பிரமாதம்!" என்று பிள்ளைகள் ஒரு வாரம் பேசுவார்கள். இருபத்திரண்டு வருஷமாக நான் வைக்கிற ரசத்தைப் பற்றி ஒருவரும் வாய் திறப்பதில்லை. போகட்டும், வீட்டு விஷயம்தானே என்று சிரித்துக்கொள்வேன். ஆனால், படித்த விஞ்ஞானிகள் கூடும் இடத்திலும் இதே கதைதான் என்று தெரிந்தபோது சிரிப்பு வரவில்லை.

ஆராய்ச்சி செய்ய மூளை மட்டும் இருந்தால் ஆயிற்றா? சோதனைக்கூடம், கருவிகள், உதவியாளர் சம்பளம் எல்லாவற்றுக்கும் பணம் வேண்டும். அதற்கு விண்ணப்பம் போட வேண்டும். ஒரு கமிட்டி மார்க் போட்டு, யாருக்குப் பணம் என்று முடிவு செய்யும்.

ஸ்வீடன் நாட்டின் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலுக்கு 1995-ல் உதவித்தொகை கேட்டு 114 பேர் விண்ணப்பித்தார்கள். அவர்களில் 52 பேர் பெண்கள். கிடைத்ததோ 16 ஆண்களுக்கும் 4 பெண்களுக்கும்!

'பெண்களுக்குத் திறமை போதவில்லையோ என்னவோ' என்று சும்மா இருந்துவிடவில்லை, கிறிஸ்டின் வென்னரோஸ், அக்னஸ் வோல்ட் என்ற இரண்டு பெண் விஞ்ஞானிகள். மார்க் பட்டியலைக் காட்டுங்கள் என்றார்கள். கவுன்சில் மறுத்தது. விஷயம் நீதிமன்றம் வரை போன பிறகுதான் பட்டியல் கைக்கு வந்தது. கணக்குப் போட்டு, 1997-ல் 'நேச்சர்' பத்திரிகையில் வெளியிட்டார்கள். ஓர் ஆணுக்குக் கிடைத்த அதே மார்க்கை வாங்க, ஒரு பெண் இரண்டரை மடங்கு சாதித்துக் காட்டியிருக்க வேண்டுமாம்!

அது பழைய கதை என்கிறீர்களா? கனடாவில் சுமார் 24,000 விண்ணப்பங்களை அலசிய ஆய்வு 2019-ல் வந்தது. ஆராய்ச்சித் திட்டத்தை முக்கியமாக வைத்து மதிப்பிட்டபோது, ஆண்–பெண் வித்தியாசம் நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை. செய்யப்போகிறவர் யார் என்பதை முக்கியமாகப் பார்த்தபோது, பெண்கள் நூற்றுக்கு நான்கு பின்தங்கினார்கள். வேலையைப் பார்த்தால் நியாயம். ஆளைப் பார்த்தால் ஓரவஞ்சனை!

இதைப் படித்ததும் எனக்கு உறைத்தது. கணக்கில் தொண்ணூறு வாங்கிய மகனை "மூளைக்காரன்டா நீ" என்றேன். அதே தொண்ணூறு வாங்கிய மகளிடம், "பரவாயில்லையே, உருப்போட்டுட்டியே" என்றேன். அவள் முகம் சுருங்கியதை அன்று நான் கவனிக்கவில்லை.

கமிட்டியில் உட்காருகிறவர்களும் ஏதோ ஒரு வீட்டில் வளர்ந்தவர்கள்தானே சகோதரிகளே? முதல் மார்க்கைப் போடுகிறவர்கள் நாம்தான். இனியாவது சரியாகப் போடுவோமே!