கேட்டுவிட்டுப் படகேறுங்கள்!



"தீவு என்றால் என்ன?" என்று ஒரு நாள் நான்காம் வகுப்பில் கேட்டேன். "நான்கு பக்கமும் நீரால் சூழப்பட்ட நிலம், டீச்சர்!" என்று வகுப்பே ஒரே குரலில் பாடியது. "சரி, உங்களில் யார் யார் தீவுக்குப் போயிருக்கிறீர்கள்?" என்றேன். ஒரு கைகூட உயரவில்லை. கடைசி வரிசையில் ஒரு பையன் மட்டும் மெதுவாக எழுந்தான். "டீச்சர், கடல் தண்ணி நெசமாவே உப்பா இருக்குமா?" என்று கேட்டான்.

எங்கள் தோட்டத்திலிருந்து ஜெராம் கடற்கரைக்கு மோட்டார் சைக்கிளில் அரை மணி நேரம்கூட ஆகாது. சாயங்காலக் காற்றில் சில நாள் உப்பு வாடைகூட வரும். ஆனாலும் கடல் நமக்குத் தூரம்தான். அதற்குக் காரணம் உண்டு. என் பாட்டி நாகப்பட்டினத்தில் 'ரஜுலா' கப்பல் ஏறி வந்தவர். கப்பல் அடித்தளத்தின் புழுக்கம், வாந்தி, கரை இறங்கியதும் தனிமை முகாமில் கழிந்த நாட்கள், இவைதாம் அவருக்குக் கடல். கண்மூடும் வரை அவர் மறுபடி படகில் கால் வைக்கவில்லை. "தண்ணியை நம்பாதே" என்பதே அவர் எங்களுக்கு விட்டுச் சென்ற பாடம்.

பாட்டி சொன்னது பாதி உண்மை என்பேன். கடலை நம்ப வேண்டாம், ஆனால் தெரிந்துகொள்ளலாம். தெரிந்துகொண்டு போனால், ஒரு நாள் பயணம் குடும்பத்துக்கே ஆண்டுக்கணக்கில் பேச்சாக இருக்கும். இந்தப் பள்ளி விடுமுறையில் போக நினைப்பவர்களுக்காக, எங்கே போகலாம், எதை எதிர்பார்க்கலாம், எதைக் கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும் என்பதை எழுதுகிறேன்.

எங்கே போகலாம்?

நம் பகுதியில் பேர் பெற்றது சசாரான் கடலில் உள்ள மணல்திட்டு. ஊரில் எல்லோரும் 'ஸ்கை மிரர்' என்கிறார்கள். வானத்தின் கண்ணாடி! சசாரானிலிருந்தோ கோலா சிலாங்கூரிலிருந்தோ படகில் ஏறக்குறைய முக்கால் மணி நேரம். கடல் வற்றும்போது மட்டும் இந்தத் திட்டு தலைகாட்டும், ஏறும்போது மூழ்கிவிடும். சில மணி நேரம் மட்டும் வாழும் தீவு என்று வைத்துக்கொள்ளுங்கள். மணலின் மேல் மெல்லிய தண்ணீர்ப் படலம் நிற்கும். அதில் வானமும் மேகமும் நாமும் தலைகீழாகத் தெரிவோம். தென் அமெரிக்காவில் பொலிவியா நாட்டின் உயுனி உப்புவெளியில் மழைக்காலத்தில் இதே காட்சியைக் காண உலகமெங்கிலுமிருந்து போகிறார்கள். நமக்கு அது வீட்டு வாசலில் கிடைக்கிறது.

நடக்கச் சிரமப்படும் பெரியவர்கள் உடன் வருவதானால் கேத்தாம் தீவு நல்லது. கிள்ளான் துறைமுகத்திலிருந்து கூரையுள்ள பயணிகள் படகு போகிறது. அங்கே வீடு, கோயில், கடை எல்லாம் சேற்றில் ஊன்றிய கால்களின் மேல் நிற்கின்றன. கார் கிடையாது, சைக்கிள்தான். பெரும்பாலும் சீன மீனவர் குடும்பங்கள் வாழும் ஊர். வெயிலுக்கு ஒதுங்க இடமும் சாப்பிடக் கடையும் கழிவறையும் உண்டு. மணல்திட்டில் இவற்றில் ஒன்றுமே இல்லை.

எந்த நாளில் போவது?

இதுதான் முதல் கேள்வி. பலர் இதைக் கேட்காமலேயே வேன் பேசிவிடுகிறார்கள். எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் பதினோரு பேர், புளிச்சோறு கட்டிக்கொண்டு, அட்டமியன்று படகுத்துறையில் போய் நின்றார்கள். "இன்று திட்டு தெரியாது" என்று சொல்லிவிட்டார்கள். வேனுக்குக் கொடுத்த பணமும் போயிற்று. பிள்ளைகள் அழுததுதான் மிச்சம்.

ஏன் தெரியாது? விளக்கம் எளிது. அமாவாசையன்றும் பௌர்ணமியன்றும் சூரியன், சந்திரன், பூமி மூன்றும் ஏறக்குறைய ஒரே கோட்டில் வருகின்றன. சூரியனும் சந்திரனும் சேர்ந்து இழுப்பதால் கடல் மிக உயரமாக ஏறும். அதே அளவு மிகத் தாழ்வாகவும் வற்றும். அட்டமியை ஒட்டி இரண்டும் குறுக்காக இழுப்பதால் ஏற்றமும் குறைவு, வற்றமும் குறைவு. கிள்ளான் துறைமுகப் பக்கம் அமாவாசை, பௌர்ணமி நாட்களில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் சுமார் 4 மீட்டர் வித்தியாசம் இருக்கும். இரண்டு ஆள் உயரத்துக்கும் அதிகம்! அந்த நாட்களிலும் அவற்றை ஒட்டிய சில நாட்களிலும்தான் மணல்திட்டு நன்றாக வெளியே வரும்.

ஆகவே, வீட்டில் தொங்கும் தமிழ் நாள்காட்டியைப் பாருங்கள். நோன்புக்கும் விரதத்துக்கும் பார்க்கும் அதே திதிதான் கடலுக்கும் கணக்கு. ஆடி அமாவாசைக்குக் கடற்கரைக்குப் போய் முன்னோருக்குத் தர்ப்பணம் கொடுக்கிறோமே, அது கடல் பெரிதாய் ஏறி வற்றும் காலம். சித்ரா பௌர்ணமியும் அப்படியே. கடலின் கணக்கு நம் வீட்டுச் சுவரிலேயே இருக்கிறது, படிக்கத்தான் மறந்துவிட்டோம்.

நாளை நாள்காட்டி சொல்லும்; மணியைப் படகுக்காரரிடம்தான் கேட்க வேண்டும். கடல் ஒரு நாளில் பெரும்பாலும் இரண்டு முறை ஏறி, இரண்டு முறை வற்றும். அந்த நேரம் நாளுக்கு நாள் ஏறத்தாழ 50 நிமிடம் தள்ளிப்போகும். ஆகவே இன்று விடிந்ததும் புறப்படும் படகு, சில நாள் கழித்து வெயில் ஏறிய பிறகே புறப்படும். "ஆயர் சூருட் பூக்கோல் பெராப்பா?" என்று மலாயில் கேளுங்கள். வற்றம் எத்தனை மணிக்கு என்று பொருள்.

எதை எதிர்பார்க்கலாம்?

சினிமாவில் பார்க்கும் நீலக் கடலை எதிர்பார்க்காதீர்கள். நம் கரை ஆற்று வண்டலும் சதுப்பும் நிறைந்தது. தண்ணீர் பால் ஊற்றிய தேநீர் நிறம். பவளப்பாறையும் இங்கே இல்லை. நீந்துவதற்கான இடமும் இதுவல்ல.

படகு வேகமாகப் போகும்போது முன்பக்கம் தூக்கித் தூக்கிப் போடும். இடுப்பு வலி உள்ளவர்கள் பின்பக்கம் உட்காருங்கள். கர்ப்பிணிகளும் அண்மையில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்களும் இந்தப் பயணத்தைத் தள்ளிப்போடுவதே நல்லது. தலைசுற்றல் வருபவர்கள் வெறும் வயிற்றோடும் போக வேண்டாம், வயிறு முட்டவும் சாப்பிட வேண்டாம். தொலைவில் அடிவானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் குறையும்.

திட்டில் இறங்கும்போது முழங்கால் அளவு தண்ணீர் இருக்கலாம். வெறுங்காலோடு இறங்காதீர்கள், சிப்பி கிழித்துவிடும். காலைத் தூக்கி வைக்காமல் மணலில் தேய்த்தபடி நடங்கள். மணலுக்குள் திருக்கை மீன் படுத்திருந்தால் சத்தம் கேட்டு விலகிப்போகும். மிதித்தால்தான் வாலால் குத்தும். ஜெல்லி மீன் செத்துக் கிடந்தாலும் பிள்ளைகள் தொடக்கூடாது.

காற்று இல்லாத நாளில்தான் கண்ணாடி தெளிவாக இருக்கும். சிறு காற்று அடித்தாலும் தண்ணீர் சுருங்கி உருவம் கலைந்துவிடும். அதற்காகப் படகுக்காரரைக் கோபிப்பதில் பயனில்லை. சிவப்பு, மஞ்சள் சேலையும் சட்டையும் படத்தில் எடுப்பாகத் தெரியும்.

எனக்கு நேர்ந்தது

இனி எழுதப்போவதுதான் இந்தக் கட்டுரையை எழுத வைத்தது.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் குடும்பம் பதினான்கு பேர் ஒரு படகில் போனோம். வழக்கமாகப் பயணிகளை ஏற்றும் படகு அல்ல. தெரிந்தவர் மூலம் மலிவாகப் பேசியது. ஏறியதும் எண்ணிப் பார்த்தேன். லைஃப் ஜாக்கெட் ஒன்பதுதான் இருந்தது. எனக்குத் தெரிந்தது, ஆனால் வாய் திறக்கவில்லை. எல்லோரும் சிரித்துக்கொண்டு ஏறுகிறார்கள், நான் மட்டும் சண்டை பிடிப்பதா என்று ஒரு கூச்சம்.

போகும்போது கடல் தட்டையாக இருந்தது. திரும்பும்போது மேற்கே கறுத்தது. சுமத்ரா பக்கத்திலிருந்து வரும் காற்று மழை அது. சுமார் ஏப்ரல் முதல் நவம்பர் வரை பெரும்பாலும் விடியலுக்கு முன்னும் காலையிலும் நம் மேற்குக் கரையில் திடீரென்று வீசும். படகுக்குள் தண்ணீர் வாரி இறைத்தது. என் தங்கை மகனுக்கு அப்போது ஆறு வயது. பெரியவர்களுக்கான ஜாக்கெட்டை மாட்டியிருந்தான். அது அவன் காதுக்கு மேலே ஏறி நின்றது. ஜாக்கெட் இல்லாத ஐவரில் என் தங்கையும் ஒருத்தி. அவள் ஒரு கையால் பிள்ளையையும் மறு கையால் என்னையும் பிடித்துக்கொண்டாள். கரை சேரும்வரை யாரும் பேசவில்லை. ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் எண்ணிப் பார்த்தும் பேசாமல் இருந்த அந்த ஒரு நிமிடம் இன்றுவரை என்னை விடவில்லை.

யோசித்துப் பாருங்கள். தோட்ட லோரியில் நெருக்கியடித்து ஏறிப் பழகியவர்கள் நாம். கங்காணி ஏறச் சொன்னால் ஏறுவோம். இடம் இருக்கிறதா என்று கேட்க மாட்டோம். தலைமுறை தலைமுறையாக வந்த பழக்கம் அது. ரப்பர் காட்டிலும் செம்பனைக் காட்டிலும் அந்தப் பழக்கம் நம்மை எப்படியோ காப்பாற்றியிருக்கலாம். கடலில் காப்பாற்றாது.

ஆகவே, ஏறுமுன் நான்கு கேள்வி கேளுங்கள்:

ஒன்று, பயணிகளை ஏற்ற உரிமம் உள்ள படகா? எத்தனை பேர் ஏறலாம்?

இரண்டு, தலைக்கு ஒரு லைஃப் ஜாக்கெட் இருக்கிறதா? பிள்ளைகளின் அளவில் இருக்கிறதா? பிள்ளைக்கு மாட்டி, வாரையெல்லாம் இறுக்கி, தோள்பட்டையில் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். ஜாக்கெட் முகவாய்க்கு மேல் ஏறினால் அது அந்தப் பிள்ளைக்கு உதவாது.

மூன்று, இன்றைய வானிலை அறிக்கை என்ன சொல்கிறது? படகோட்டி "இன்று வேண்டாம்" என்றால் அவரை வற்புறுத்தாதீர்கள். அவரே நல்ல தெக்கோங்.

நான்கு, திட்டிலிருந்து எத்தனை மணிக்குத் திரும்புகிறோம்? அந்த மணிக்குப் பத்து நிமிடம் முன்பே படகருகே நில்லுங்கள். கடல் ஏறத் தொடங்கினால் இன்னும் ஒரு படம் என்று கெஞ்சினாலும் காத்திருக்காது.

நான்கில் ஒன்றுக்குச் சரியான பதில் வராவிட்டாலும் ஏறாதீர்கள். முன்பணம் போனால் போகட்டும். வேறு நாள், வேறு படகு கிடைக்கும்.

பையில் என்ன வைக்கலாம்?

ஆளுக்கு ஒரு போத்தல் தண்ணீர், தொப்பி, நீண்ட கைச் சட்டை, மாற்றுத்துணி, துண்டு. கைத்தொலைபேசிக்கும் பணத்துக்கும் இறுக மூடும் பிளாஸ்டிக் பை. ஆஸ்துமா, நீரிழிவு உள்ளவர்களின் மருந்து. திட்டில் நிழல் இல்லை, கழிவறை இல்லை. கரையிலேயே போய்விட்டு வாருங்கள். நகைகளை வீட்டில் வைத்துவிடுங்கள். கொண்டுபோன குப்பையைத் திரும்பக் கொண்டுவாருங்கள். அவசரத்துக்கு 999 என்ற எண்ணைப் பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுங்கள்.

கரை திரும்பிய பின்

பொழுது இருந்தால் புக்கிட் மெலாவாத்தி ஏறுங்கள். 1784-இல் டச்சுக்காரர்கள் பிடித்து, அடுத்த ஆண்டே சுல்தான் இப்ராகிம் மீட்ட கோட்டைமலை அது. உச்சியிலிருந்து நீங்கள் போய்வந்த கடல் தெரியும். சிலாங்கூர் ஆற்றில் செம்பருந்துகள் வட்டமிடும். நம் வீட்டுப் பெரியவர்கள் கருடன் என்று கன்னத்தில் போட்டுக்கொள்ளும் பறவை. இருட்டியதும் கம்போங் குவாந்தானில் பெரெம்பாங் மரங்களில் மின்மினிகள் ஒரே தாளத்தில் மின்னும். நிலா இல்லாத இரவில்தான் அவை எடுப்பாகத் தெரியும். எனவே பௌர்ணமியைவிட அமாவாசையை ஒட்டிப் போனால், பகலில் கண்ணாடியும் இரவில் மின்மினியும் ஒரே நாளில் கிடைக்கும்.

அந்தக் கடைசி வரிசைப் பையனைப் பற்றிச் சொல்லாமல் முடிக்கக்கூடாது. சென்ற ஆண்டு பெற்றோர்களோடு சேர்ந்து வகுப்புப் பிள்ளைகளை அழைத்துப் போனோம். இந்த முறை நான்கு கேள்வியையும் கேட்டுவிட்டே ஏறினோம். எண்ணிப் பார்த்து ஜாக்கெட் மாட்டியது பிள்ளைகளே. திட்டில் இறங்கியதும் அவன் குனிந்து, விரலை நனைத்து, நாக்கில் வைத்துப் பார்த்தான். முகத்தைச் சுளித்தான். பிறகு எல்லாருக்கும் கேட்கும்படி கத்தினான்:

"டீச்சர், நெசந்தான்!"

உங்கள் பிள்ளைகளையும் அழைத்துப் போங்கள். அலை ஓய்ந்து கடலாடலாம் என்று காத்திருந்தால் அவர்கள் வளர்ந்துவிடுவார்கள். ஆனால், கேட்டுவிட்டுப் படகேறுங்கள்!