நாற்பதுக்கும் எண்பதுக்கும் நடுவில்

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி, 40 சதவீத ஊனம் இருந்தாலே ஒருவர் அரசு வேலையிலும் உயர்கல்வியிலும் இடஒதுக்கீடு கோரலாம். மாத உதவித்தொகை என்று வரும்போது மத்திய அரசின் அளவுகோல் மாறிவிடுகிறது. 2009இல் தொடங்கிய இந்திரா காந்தி தேசிய மாற்றுத்திறனாளி ஓய்வூதியத் திட்டத்தில் சேர 80 சதவீத ஊனம் வேண்டும். குடும்பமும் வறுமைக்கோட்டுக்குக் கீழே இருக்க வேண்டும். இவ்வளவும் இருந்தால், 79 வயது வரை மத்திய அரசின் பங்காகக் கிடைப்பது மாதம் 300 ரூபாய். அது 2012இல் நிர்ணயித்த தொகை. நாற்பதுக்கும் எண்பதுக்கும் நடுவில் இருப்பவர்களைச் சட்டம் மாற்றுத்திறனாளி என்கிறது. திட்டமோ தகுதியில்லை என்கிறது.

மருத்துவச் சான்றிலுள்ள சதவீதம் உடலின் இழப்பை அளக்கிறது. வாழ்க்கைச் செலவை அளப்பதில்லை. 60 சதவீத ஊனமுள்ள கூலித் தொழிலாளிக்கு வேலை கிடைப்பதே அரிதாக இருக்கலாம். ஊனமுற்றோருக்கு இரண்டு தடைகள் உண்டு என்றார் பொருளியலாளர் அமர்த்தியா சென்: ஈட்டுவதில் ஒன்று, ஈட்டியதை வாழ்வாக மாற்றுவதில் இன்னொன்று. ஆட்டோ வாடகை, உபகரணம், துணைக்கு வருபவர் இழக்கும் நாள்கூலி எல்லாம் இரண்டாவதில் அடங்கும். வறுமைக்கோடு இவற்றைக் கழித்துக்கொண்டு வருமானத்தைப் பார்ப்பதில்லை. ஆனால் சட்டத்தின் 24ஆவது பிரிவு இந்தக் கூடுதல் செலவுக்கு இடம் தருகிறது: மற்றவர்களுக்கான இதேபோன்ற உதவியைவிட மாற்றுத்திறனாளிகளுக்குக் குறைந்தது 25 சதவீதம் கூடுதலாகத் தரச் சொல்கிறது. தமிழ்நாட்டில் 2023இல் முதியோர் ஓய்வூதியம் 1,200 ரூபாயாகவும் மாற்றுத்திறனாளி ஓய்வூதியம் 1,500 ரூபாயாகவும் உயர்ந்தபோது அந்த விகிதம் அமைந்தது.

நிதி குறைவு, அதனால் மிகக் கடுமையாகப் பாதிக்கப்பட்டோருக்கே முதலில் என்ற வாதத்தில் நியாயம் உண்டு. அந்த முன்னுரிமையைத் தொகையில் காட்டலாம்: 80 சதவீதத்துக்கு மேல் கூடுதலாகவும், அதற்குக் கீழே சற்றுக் குறைவாகவும் வழங்கலாம். மற்றவர்களை முழுவதுமாக வெளியே நிறுத்த அது காரணமாகாது. தமிழ்நாட்டின் பராமரிப்பு உதவித்தொகை அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கு 40 சதவீதத்திலிருந்தே கிடைக்கிறது. ஊனத்தின் தன்மைக்கேற்ப வரம்பை மாற்ற முடியும் என்பதற்கு இதுவே சான்று. போலிச் சான்றிதழ் பெருகும் என்ற அச்சத்துக்கும் விடை இருக்கிறது. மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டை வந்துவிட்டது. மோசடியாகச் சலுகை பெற்றால் இரண்டாண்டு வரை சிறை என்கிறது சட்டத்தின் 91ஆவது பிரிவு. பொய் சொல்பவரைத் தண்டிக்க வழியிருக்கும்போது, உண்மை சொல்பவரை வாசலில் நிறுத்தக் கூடாது. மத்தியத் திட்டம் சட்டத்தின் நாற்பதை ஏற்று, தொகையை விலைவாசியோடு இணைக்க வேண்டும்.