போதும் என்றால் போதும்!

வேலூரிலிருந்து ஆம்பூர், வாணியம்பாடி வரை தோல் பதனிடும் ஊர்களில் விருந்தென்றால் பிரியாணிதான். சீரகச் சம்பாவும் ஆட்டிறைச்சியும், பக்கத்தில் கத்தரிக்காயும்! "இன்னும் ஒரு கரண்டி" விழாமல் யாரும் எழுந்திருக்க முடியாது. ஆனால், எடை குறைய இரைப்பையில் ஆபரேஷன் செய்துகொண்டு வீடு திரும்பியவருக்கு அந்த ஒரு கரண்டி அன்பே வினையாகிவிடும்.

ஏன் என்கிறீர்களா? 'ஸ்லீவ்' என்னும் ஆபரேஷனில் இரைப்பையில் முக்கால் பங்குக்கு மேல் எடுத்துவிடுகிறார்கள். மிஞ்சுவது வாழைப்பழம் போன்ற குறுகலான பைதான். தையல் ஆறும்வரை, ஏறக்குறைய இரண்டு வாரம், நீர் ஆகாரம். பிறகு மசித்தது, அப்புறம் மெத்தென்றது. 6 முதல் 8 வாரம் ஆன பிறகே கெட்டி ஆகாரம். ஒவ்வொரு படிக்கும் டாக்டரின் உத்தரவு வேண்டும்.

அந்த நாள் வந்ததும் முதலில் முட்டை, மீன், பருப்பு, சோறு அப்புறம். தினம் சுமார் 60 கிராம் புரதம் தேவை. சிறு தட்டு, சிறு ஸ்பூன். ஒவ்வொரு வாயும் கூழாகும்வரை மெல்ல வேண்டும். சாப்பாட்டோடு தண்ணீர் கூடாது. அரை மணி கழித்தே பருகலாம். வறண்ட இறைச்சியும், உருண்டையாகத் திரளும் சோறும் நெஞ்சை அடைக்கும். வைட்டமின் மாத்திரைகளோ ஆயுள் முழுவதும் உண்டு. வாந்தி ஓயாவிட்டால் கைவைத்தியம் வேண்டாம். வைட்டமின் பி1 குறைந்து நரம்பைப் பாதிக்கும். உடனே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள்.

அப்படியானால் பிரியாணி? சில மாதம் போகட்டும். டாக்டர் சம்மதித்தால் இரண்டு ஸ்பூன் பரிமாறுங்கள். அவர் "போதும்" என்றதும் கரண்டியைக் கீழே வைத்துவிடுங்கள். அவருக்கு நீங்கள் செய்யும் உபசாரம் அதுதான்.