தேங்காய் வித்த பிள்ளைக்கு 35 × 4 ஏன் வரல?

முதல்ல ஒரு கணக்கு. மொபைலைக் கீழே வைத்துவிட்டு மனசுக்குள்ளேயே போடுங்கள். உருளைக்கிழங்கு கிலோ 20 ரூபாய், 800 கிராம் வேண்டும். வெங்காயம் கிலோ 15 ரூபாய், 1.4 கிலோ வேண்டும். 200 ரூபாய் நோட்டு கொடுத்தால் பாக்கி எவ்வளவு?

16-ம் 21-ம் 37. பாக்கி 163. செமஸ்டருக்கு ஒரு மேத்ஸ் பேப்பர் எழுதுகிற நாமே ஒரு நிமிஷம் திணறியிருப்போம். கொல்கத்தா, டெல்லி சந்தைகளில் வியாபாரம் பார்க்கும் சிறுவர் சிறுமியருக்கு இது அன்றாட வேலை. பேப்பர் கிடையாது, பேனா கிடையாது.

ஆனால் அதே பிள்ளைகளிடம் சந்தையை எடுத்துவிட்டு, பள்ளிக்கூட நோட்டில் இருக்கிற மாதிரி வெறும் எண்களாகக் கழித்தலும் வகுத்தலும் கொடுத்தால் பலர் நின்றுவிடுகிறார்கள். சந்தையில் போட்டதைவிட சுலபமான கணக்கிலும் இதே கதைதான். அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ (2019-ல் பொருளாதார நோபல் வாங்கிய அதே ஜோடி), குழந்தைகளின் அறிதிறனை ஆராயும் உளவியலாளர் எலிசபெத் ஸ்பெல்கி உள்ளிட்ட குழு, சந்தையில் வேலை செய்யும் 1,436 பிள்ளைகளைப் பார்த்து 2025-ல் 'நேச்சர்' இதழில் எழுதிய விஷயம் இது.

உடனே நமக்குத் தோன்றும் சந்தேகங்கள் அவர்களுக்கும் தோன்றியிருக்கின்றன. விலையை மனப்பாடம் செய்திருப்பார்களோ? பக்கத்துக் கடைக்காரர் உதவியிருப்பாரோ? 'பரீட்சை' என்றதும் பயந்திருப்பார்களோ? ஒவ்வொன்றாகச் சோதித்துப் பார்த்தார்கள். எதுவும் காரணமாக நிற்கவில்லை.

சரி, அப்போ காரணம் என்ன? அதற்கு 40 வருஷம் பின்னால், பிரேசில் நாட்டின் ரெசிஃபே நகரத்துக்குப் போக வேண்டும்.

அங்கே டெரெஸின்யா கராஹர், டேவிட் கராஹர், அனாலூசியா ஷ்லீமன் மூவரும் செய்த ஆய்வு 1985-ல் வெளியானது. தெருவில் விற்கும் ஐந்தே ஐந்து பிள்ளைகள், வயது 9 முதல் 15. ஆய்வாளர் வாடிக்கையாளர் மாதிரி போய் விலை கேட்பார். சில நாள் கழித்து, அந்தப் பிள்ளை சந்தையில் போட்ட கணக்குகளை வைத்தே ஒரு டெஸ்ட், இந்தத் தடவை பேப்பர் பென்சிலோடு. ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனி கேள்வித்தாள். இந்த ஐடியாதான் எனக்கு ரொம்பப் பிடித்தது: கணக்கு மாறவில்லை, உடை மட்டும்தான் மாறுகிறது.

தெருவில் 98.2% சரி. கதையோடு வரும் வாக்கியக் கணக்கில் 73.7%. வெறும் எண்களில் 36.8%.

மதிப்பெண்ணைவிடத் தப்பு எப்படி வந்தது என்பதுதான் சுவாரஸ்யம். ஒரு தேங்காய் 35 க்ருஸேரோ, நாலு காய் எவ்வளவு? மூணு காய் 105 என்பது அந்தப் பிள்ளைக்கு ஏற்கனவே தெரியும். அதோடு 30 சேர்த்து 135, இன்னொரு 5 சேர்த்து 140. சரியான விடை.

அதே 35 × 4 பேப்பரில் வந்தது. நாலஞ்சு இருபது, சைபர் போட்டு 2 மேலே. இதுவரை நாம் செய்வதேதான். அடுத்து அந்த 2-ஐ முதலில் 3-உடன் கூட்டி 5 ஆக்கி, அதை நாலால் பெருக்கி 20. விடை 200.

கூட்டல் தெரியும், வாய்ப்பாடு தெரியும். பெருக்கிவிட்டுக் கூட்டுவதற்குப் பதில் கூட்டிவிட்டுப் பெருக்கியதுதான் சிக்கல். நாலு காய்க்கு 200 என்று தெருவில் யாராவது சொன்னால் அந்தப் பிள்ளையே சிரித்திருக்கும். பேப்பரில் சிரிப்பு வராது. ஏனென்றால் அங்கே 35 என்பது முப்பத்தைந்து இல்லை, '3', '5' என்று தனித்தனியாக நிற்கும் இரண்டு குறிகள். மனக்கணக்கில் 30 கடைசிவரை முப்பதாகவே இருக்கிறது. எழுத்துக் கணக்கில் அது '3' ஆகச் சுருங்கி, இடமதிப்பு நினைவில் இருந்தால்தான் மறுபடி முப்பது ஆகும்.

'அப்போ ஸ்கூலே வேண்டாம், சந்தைதான் பெஸ்ட்' என்று ஸ்டேட்டஸ் போடக் கிளம்பிவிடாதீர்கள். ரெசிஃபேயில் 10 தேங்காய்க்கு விலை கேட்டபோது ஒரு பையன் 35-க்குப் பின்னால் ஒரு சைபர் போடவில்லை. மூணு மூணாகச் சேர்த்து 105, 210, 315, அப்புறம் ஒரு 35 என்று 350-க்கு வந்தான். பத்துக்கு ஓகே. 358 காய் என்றால்? எண் பெரிதாகும்போது எழுதிப் போடும் முறைக்கு ஈடு கிடையாது. தவிர, அந்த வயதில் கடையில் நிற்பது அந்தப் பிள்ளைகள் விரும்பி எடுத்த கோர்ஸும் இல்லை.

மறுபக்கமும் பார்க்க வேண்டும். நேச்சர் ஆய்வில், சந்தை அனுபவமே இல்லாத 471 பள்ளி மாணவர்களையும் சோதித்தார்கள். எளிய வெறும் எண் கணக்குகளில் இவர்கள் தேவலை. ஆனால் வேலை செய்யும் பிள்ளைகளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சரியாகப் போட்ட ஒரு சந்தைக் கணக்கை, இவர்களில் 1% பேர்தான் போட்டார்கள். நோட்டில் நீளநீளமாக எழுதினார்கள். பெருக்கல், கூட்டல், கழித்தல் மூன்றையும் ஒரே கணக்கில் கோர்க்க முடியவில்லை. (10 கிலோ-ஓம், 100 மைக்ரோஃபாரட் போட்டால் கெப்பாசிட்டர் சார்ஜ் ஆக சுமார் எவ்வளவு நேரம் என்று லேபில் கேட்டதும், வகைக்கெழுச் சமன்பாடு எழுத ஆரம்பிக்கும் நம் ஆட்களை நினைத்துக்கொண்டேன். நேர மாறிலி 1 நொடி, பாஸ்.)

இரண்டையும் ஒரே தலையில் போட்டால் தானாக ஒட்டிக்கொள்ளுமா? அதையும் பார்த்திருக்கிறார்கள். டெல்லியில் 214 மழலையர் பள்ளிகளில் 1,540 குழந்தைகளை வைத்து நடந்த ஆய்வு 2017-ல் 'சயின்ஸ்' இதழில் வந்தது. எண், வடிவம் பற்றிய உள்ளுணர்வை வளர்க்கும் விளையாட்டுகளை ஆட வைத்தார்கள். அந்த உள்ளுணர்வு ஒரு வருஷம் கழித்தும் நிலைத்திருந்தது. ஆனால் முதல் வகுப்புக் கணக்குப் பாடத்தில் அதனால் கூடுதல் பலன் தெரியவில்லை. ஆக, இரண்டுக்கும் நடுவில் யாராவது உட்கார்ந்து பாலம் கட்டித்தான் ஆக வேண்டும்.

பாலம் என்றதும் புதுப் பாடத்திட்டம், ஸ்மார்ட் போர்டு என்று யோசிக்கிறோம். நாளைக்கே நீங்கள் என்எஸ்எஸ் கேம்ப்பிலோ, வீட்டில் தம்பி தங்கைக்கோ கணக்கு சொல்லித்தரும்போது 35 × 4 = 200 என்று ஒரு விடை வரலாம். சிவப்புப் பேனாவை எடுக்கும் முன் 'ஒரு காய் 35 ரூபாய்னா ரெண்டு காய் எவ்ளோ?' என்று கேளுங்கள். 70 என்பார்கள். 'இன்னொரு ரெண்டு?' என்றால் 140 வந்துவிடும். பிறகு நோட்டில் இருக்கும் 200-ஐக் காட்டி, மேலே போட்ட அந்த 2 உண்மையில் எவ்வளவு என்று கேளுங்கள். அது இருபது.