அகம் புறம்: ஒரு கண்காட்சியும் ஊவா மலைநாடும்

நுவரெலியாவிலிருந்து பதுளை நோக்கி இறங்கும் பெருவழியில் வெலிமடை அமைந்துள்ளது. அவ்வழியே செல்வார் கண்களுக்கு ஒருபால் தேயிலைச் சரிவுகளும், ஒருபால் உருளைக்கிழங்கும் போஞ்சியும் விளையும் தோட்டங்களும் மாறி மாறித் தோன்றும். தேயிலையிற் பாடுபடுவோர் தமிழர். காய்கறி விளைப்போர் பெரும்பாலும் சிங்களர். சந்தையில் இவ்விரு திறத்தாரும் முஸ்லிம் வணிகரும் முகம் பார்த்துப் பேசுகின்றனர். விலை பேசுவதற்கு வேண்டிய அளவு மொழி அனைவரிடத்தும் உண்டு. அதற்கு அப்பாற்பட்டவற்றைப் பேசவோ மொழியும் போதாது; இடமும் இல்லை. ஓவியக் கண்காட்சி அத்தகையதோர் இடமாதல் கூடுமோ என்னும் வினாவை ஈண்டு ஆராயப் புகுகின்றோம். யாழ்ப்பாணத்தில் முன்னர் நிகழ்ந்த ஒரு கண்காட்சி இதற்கு விடை காணத் துணைசெய்யும்.

இலங்கைக் கலைஞர் இனங்கடந்து கூடியது புதிய செய்தியன்று. 1943 ஆம் ஆண்டு கொழும்பிலே தோன்றிய '43 குழு'வில் பறங்கியரும் சிங்களரும் தமிழரும் ஒருங்கிருந்தனர். பௌத்த துறவியாயிருந்து சாந்திநிகேதனம் சென்று பயின்ற மஞ்சுசிறியும், யாழ்ப்பாணத்தில் வின்சர் கலைக் கழகத்தைத் தோற்றுவித்த எஸ். ஆர். கனகசபையும் அதனைச் சார்ந்தவர்களே. ஆயின் அக்குழுவினரின் படங்கள் கொழும்பிலும், பின்னர் இலண்டனிலும் காட்டப்பெற்றன. கலைஞர் கூடினர், அவரவர் ஊரார் கூடினாரல்லர். இக்குறை நெடுங்காலம் நீடித்தது.

2000 ஆம் ஆண்டில் கொழும்பிலே 'தீர்த்த' என்னும் கலைஞர் கூட்டமைப்பு உருவாயிற்று. அதன் முன்னணியில் நின்றவருள் ஒருவர் ஜகத் வீரசிங்க. 1983 ஆம் ஆண்டு நிகழ்ந்த கொடுமை ஒரு சிங்களக் கலைஞனின் மனச்சான்றை எவ்வாறு உலுக்கிற்று என்பதை 1992 இல் தம் ஓவியக் காட்சியாற் புலப்படுத்தியவர் அவர். 2002 ஆம் ஆண்டுப் போர்நிறுத்தம் தெற்கிற்கும் வடக்கிற்கும் இடையே வழியைத் திறந்தது. அவ்வழியே சென்ற கலைஞரும் யாழ்ப்பாணத்துக் கலைஞரும் இணைந்து 2004 இல் நிகழ்த்தியதே 'அகம் புறம்' என்னும் கண்காட்சி. பழந்தமிழிலக்கணம் காதலுக்கும் போருக்கும் வகுத்த பெயர்கள் இவை. அகம் என்பது மனத்தையும் குறிக்கும், வீட்டையும் குறிக்கும் என்பதை நினைவிற் கொண்டால், வீடிழந்தோர் நிறைந்த ஊரில் இத்தலைப்பு எத்துணைப் பொருத்தமுடையது என்பது விளங்கும்.

அது நிகழ்ந்த இடம் யாழ்ப்பாணப் பொது நூலகம். 1981 இல் தீக்கிரையாகி ஏறத்தாழ 97,000 நூல்களை இழந்து, பின்னர் புதுக்கியெழுப்பப்பட்ட கட்டடம் அது. அதன் சுவரிலே தெற்கிலிருந்து வந்த ஒருவர் தம் படைப்பைத் தொங்கவிடுவது, கொழும்பிலுள்ள காட்சிக்கூடமொன்றில் அதனையே தொங்கவிடுவதை ஒத்ததாகாது. படம் ஒன்றேயாயினும், சுவர் வேறாதலின் பொருளும் வேறாகின்றது. மேலும், நூலகத்துட் புகுதற்குக் கலையறிவு வேண்டுமென எவரும் அஞ்சார். நாளேடு படிக்க வந்த முதியவரும் பாடம் படிக்க வந்த மாணவியும் தயக்கமின்றிப் பார்வையாளராதல் கூடும்.

அக்கண்காட்சியில், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்து ஆசிரியரான தா. சனாதனன், 'வரலாறுகளின் வரலாறு' என்று பொருள்படும் பெயரால் ஒன்றனை அமைத்தார். யாழ்ப்பாணத்து இல்லங்களிலிருந்து பெற்ற அன்றாடப் பொருள்களே அதன் உறுப்புகள். தூரிகைத் திறம் காணப் போனவர் ஏமாந்திருத்தலும் கூடும். ஆயின் அயல்வீட்டார் போரினூடு காத்து வைத்த பொருளைக் காண்பதற்கு ஓவிய வரலாறு எதற்கு? இங்கே ஊரவர் பார்வையாளராக மட்டும் நில்லாது, பொருள் தந்தவராகவும் ஆயினர். கொடுப்பார் ஒருபாலும் கொள்வார் ஒருபாலும் நிற்பது பரிமாற்றம் அன்று, அஃது உபகாரமே.

இவரே 2011 இல் வெளியிட்ட 'முற்றுப்பெறாத தோம்பு' என்னும் பொருள்கொண்ட ஆங்கில நூலும் இவ்வழியிலேயே சென்றது. தோம்பு என்பது ஒல்லாந்தர் காலத்து நிலப்பதிவேடு. இடம்பெயர்ந்தோர் எண்பதின்மர், தாம் விட்டு வந்த வீட்டின் வரைபடத்தை நினைவிலிருந்து கீறித் தந்தனர். அக்கோட்டுருவை ஒட்டிக் கட்டடக்கலை முறையில் ஒரு வரைபும், ஓவியர் கைவண்ணத்தில் ஒரு படமும் சேர்க்கப்பட்டன.

இந்நூலைப் புரட்டுங்கால் ஊவாவின் நினைவு எழாதிருத்தல் அரிது. வெலிமடைத் தோட்டமொன்றிலே ஒரு முதியவளிடம், "அம்மா, உங்கள் வீட்டை வரைந்து காட்டுங்கள்" என்றால் அவள் எதனை வரைவாள்? ஒரே நீட்டாய்க் கட்டிய லயம். அதனுள், வழக்கமான கணக்குப்படி பத்துக்குப் பன்னிரண்டடிக் காம்பரா. நான்கு தலைமுறை வாழ்ந்த இடமாயினும் எத்தோம்பிலும் அவள் குடும்பப் பெயர் ஏறியதில்லை. 1948 ஆம் ஆண்டுச் சட்டம் குடியுரிமையைப் பறித்தது. 1964 ஆம் ஆண்டு ஒப்பந்தம் உறவினரை இரு நாட்டிற்கும் பங்கிட்டது. எஞ்சியோர்க்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003 இலேதான் வந்தது. விட்டு வந்த வீட்டை வரைதல் ஒருவகைத் துயர். தனக்கென்று ஆகாத வீட்டை வரைதல் வேறொருவகைத் துயர்.

அயற்கிராமத்துச் சிங்கள விவசாயிக்கும் இதனோடொத்த ஒரு கதை உண்டு. 1840 ஆம் ஆண்டு முடிக்குரிய நிலச் சட்டம், உறுதி காட்டவியலாத காட்டையும் சேனை நிலத்தையும் அரசுடைமையாக்கிற்று. அவ்வாறு சென்ற நிலத்திற் பெரும்பகுதி கோப்பித் தோட்டமாகிப் பின்னர் தேயிலையாயிற்று. நிலம் போனவன் பேரனும், அந்நிலத்தில் உழைக்கக் கொணரப்பட்டவன் பேரனும் ஒரே சந்தையில் நிற்கின்றனர். ஒருவர் கதை மற்றவர்க்குத் தெரியாது. அறியாமையிலிருந்து அச்சமும், அச்சத்திலிருந்து பகையும் கிளைத்ததை மலைநாடு 1977 இலும் 1983 இலும் கண்டது.

மலைநாட்டில் கலைஞர் இல்லாமலில்லை. ஹட்டனைச் சேர்ந்த ஹனுஷா சோமசுந்தரம் தேயிலைப் பைகளையும் சாயக்கறையையுமே பொருளாகக் கொண்டு படைத்து வருகின்றார். கொழும்பில் அவை காட்டப்பெற்றன, பாராட்டும் பெற்றன. நன்று. ஆயின் கொழுந்து பறிக்கும் கை அச்சாயத்தைக் கண்டு என்ன சொல்லும் என்பதைக் கேட்பதற்கு, படைப்பு மலையேறி வரவேண்டும். ஓவியத்திற்கு மொழி வேண்டா என்பார் உளர். அஃது அரை உண்மையே. பெயர்ப்பலகை ஆங்கிலத்தில் மட்டும் இருந்தால் பாதிப் பேர் வாயிலோடு திரும்பிவிடுவர். கொழும்பில் 2019 இல் தொடங்கிய நவீன, சமகாலக் கலைக்கான அரும்பொருளகம் மும்மொழியிலும் விளக்கம் வைப்பது பின்பற்றத்தக்கது.

வெலிமடையில் அத்தகைய காட்சி நிகழ்வதாயின் பளிங்குக் கூடம் வேண்டியதில்லை. நூலக மண்டபமோ பாடசாலை மண்டபமோ போதும். சிங்களக் கலைஞர் சிலர் தோட்டத்திலும், தமிழ்க் கலைஞர் சிலர் கிராமத்திலும் சில வாரம் தங்கிப் பொருள் திரட்டுதல் நலம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர்க்குத் தோட்ட எண் பொறித்துக் கொடுத்த தகர வில்லை எங்கேனும் ஒரு பெட்டியடியிற் கிடத்தல் கூடும். அதன் அருகே கிராமத்தார் ஒருவரின் பழைய காணி உறுதியை வைக்கலாம். இன்னும் ஒன்று: காட்சி நேரத்தை அலுவலக நேரமாக அமைத்தல் பெரும்பிழை. பெரட்டுக்குக் காலையிற் போனவர்கள் கொழுந்து நிறுத்துவிட்டு வருவது மாலையில். ஆதலின் மாலை ஏழு மணிவரையேனும் கதவு திறந்திருத்தல் வேண்டும், ஞாயிற்றுக்கிழமை முழுநாளும்.