'ட்விட்... ட்விட்...'னு கத்துறது யாரு? காதாலேயே கண்டுபிடிக்கலாம்!

நல்லம்பள்ளி பக்கம் காலையில வேலியோரமா நடந்திருக்கீங்களா? 'ட்விட்-ட்விட்-ட்விட்'னு ஒரே சத்தத்தை நிறுத்தாம கத்துற குரலைக் கேட்டிருப்பீங்க. இவ்வளவு சத்தம் போடுதேன்னு தேடினா, ஒண்ணும் தெரியாது. காரணம், அது 14 செ.மீ நீளம்கூடத் தாண்டாத தையல்சிட்டு. எடை சுமார் 10 கிராமுக்குள்தான்!

சின்னப் பறவைகள் இலைக்குள் மறைஞ்சே திரியும். அதனால காதுதான் முதல் பைனாகுலர்.

எப்படிப் பிரிச்சு அறியலாம்?

* தையல்சிட்டு: ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்லும். செம்பழுப்பு உச்சந்தலை, பச்சை முதுகு, தூக்கிய வால்.
* சாம்பல் கதிர்க்குருவி: இதுவும் வால் தூக்கும், ஆனா முதுகு சாம்பல் நிறம். பறக்கும்போது மின்பொறி தெறிக்கிற மாதிரி 'டிக் டிக்' சத்தம் வரும்.
* மாம்பழச்சிட்டு: மஞ்சள் நிறம். நீளமா விசிலடிச்சு, கடைசியில 'டக்'னு இறக்கும்.

போன் உதவுமா?

உதவும். அமெரிக்காவின் கார்னெல் பறவையியல் ஆய்வகம் தரும் 'மெர்லின்' ஆப் இலவசம். 2021-ல் வந்த அதன் குரல் அறியும் வசதி, ஒலியைப் படமாக மாற்றி, பழகிய குரல்களோடு ஒப்பிட்டுப் பெயர் சொல்லும். நம்ம பகுதிக்கான தொகுப்பை முதல்லயே டவுன்லோடு பண்ணிட்டா, சிக்னல் இல்லாத இடத்துலயும் வேலை செய்யும். ஆனா, ஆப் சொன்னதே முடிவில்லை. பக்கத்துல லாரி ஹாரன், இன்னொரு பறவைனு கலந்தா தப்பாச் சொல்லலாம். பறவையைக் கண்ணால பார்த்த பிறகு உறுதிப்படுத்துங்க.

இதை மட்டும் செய்யாதீங்க!

பறவையை வரவழைக்க அதே குரலை ஸ்பீக்கர்ல போடாதீங்க. தன் எல்லைக்குள்ள எதிரி வந்துட்டான்னு நினைச்சு, ஆண் பறவை இரை தேடுறதை விட்டுட்டுச் சண்டைக்குக் கிளம்பும். குஞ்சு இருக்கிற நேரத்துல அது பெரிய இழப்பு.

இன்னொண்ணு... தையல்சிட்டு அகலமான இலைகளோட ஓரங்களை நாராலயும் சிலந்தி நூலாலயும் தைச்சுத்தான் கூடு கட்டும். வெளியில பார்த்தா வெறும் இலை மாதிரியே இருக்கும். அதனால, தோட்டத்துச் செடியையோ வேலியையோ வெட்டுறதுக்கு முன்னாடி ரெண்டு நிமிஷம் நின்னு கேளுங்க. 'ட்விட்-ட்விட்' கேட்டா, கத்தரிக்கோலைக் கொஞ்ச நாள் தள்ளி வைங்க!